நாலடிப் பலகையில் ஒரு ஹோவர்கிராஃப்ட்

பாளையங்கோட்டையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை எனக்கு. அறிவியல் கண்காட்சி நெருங்கிவிட்டால் பிள்ளைகள் வந்து நிற்கும்: "அண்ணாச்சி, ஆள் ஏறுற ஹோவர்கிராஃப்ட் செய்யணும், பெரிய ப்ளோயரா வேணும்." ஹோவர்கிராஃப்ட் என்றால் அடியில் காற்றை ஊதி, அந்தக் காற்று மெத்தைமேல் மிதந்து போகிற வண்டி. பெரிசு எதுக்குல? கம்ப்யூட்டர் தூசி ஊதும் 600 வாட் ப்ளோயரே ஒரு பிள்ளையைத் தூக்கும். சூட்சுமம் விளிம்பில் இருக்கு.

1955-இல் இங்கிலாந்தில் கிறிஸ்டோபர் காக்கரெல் பூனைத் தீவன டப்பாவைக் காப்பித்தூள் டப்பாவுக்குள் வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள வளைய இடுக்கு வழியாகக் காற்றை ஊதி, சமையலறைத் தராசில் அழுத்தம் பார்த்தார். ஒற்றை டப்பா வழியாக ஊதியதைவிட முள் கூடுதலாக இறங்கியது. 1959 ஜூலை 25-இல் அவருடைய எஸ்.ஆர்.என்.1 என்ற ஹோவர்கிராஃப்ட் பிரான்சின் கலேயிலிருந்து இங்கிலாந்தின் டோவருக்குக் கடல் தாண்டியது. அப்போது அதற்குப் பாவாடை, அதாவது காற்று வெளியே ஓடாமல் விளிம்பைச் சுற்றித் தொங்கும் மறைப்பு, கிடையாது, கொஞ்சம் பெரிய அலை வந்தாலே சிரமம். லாட்டிமர்-நீடம் என்ற பொறியாளர் யோசித்த ரப்பர் பாவாடை பிறகு வந்து சேர்ந்தது. நமக்கும் அதுதான் முக்கியம்.

12 மி.மீ. பிளைவுட்டை நாலடி விட்டத்தில் வட்டமாக அறுத்துக்கிடுங்க. மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே ப்ளோயர் மூக்கு நுழைய ஒரு ஓட்டை. கெட்டிப் பாலித்தீன் ஷீட்டைச் சுற்றிலும் அரையடி கூடுதலாக வெட்டி, பலகையை அதன்மேல் வைத்து, ஓரத்தை மேலே மடித்து ஸ்டேப்ளர் அடியுங்க. இந்த ஷீட்தான் நம்ம பாவாடை. அதை விறைப்பாக இழுக்கக் கூடாது, தொளதொளவென்று இருக்கணும். ஸ்டேப்ளர் வரிசை முழுக்க டேப். அடிப்பக்கம் நட்டநடுவில் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து ஷீட்டோடு சேர்த்துப் பலகையில் திருகுங்க. அந்த மூடியைச் சுற்றி, ஷீட்டில் மட்டும், இரண்டு அங்குல ஓட்டை ஆறு. ஓட்டை விளிம்புக்குப் பக்கத்தில் போனால் பாவாடை படபடவென்று அடித்துக்கொள்ளும், ஆள் எழும்பாது.

கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோவோ, அத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் உயர அழுத்தம் வேணும். பிள்ளை, பலகை, ப்ளோயர் எல்லாம் சேர்த்து 45 கிலோ, காற்று தாங்கும் பரப்பு ஒரு சதுர மீட்டர் என்றால் 45 மி.மீ. கொத்தனார் மட்டம் பார்க்கிற ட்யூபை யு மாதிரி வளைத்து, பாதி தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பலகையில் சின்னத் துளை வழியாக உள்ளே விட்டு, ட்யூபைச் சுற்றியுள்ள இடுக்கை அடைத்தால் இரண்டு பக்க வித்தியாசத்தை அளந்துவிடலாம். வித்தியாசம் குறைவாக இருந்தால் ஒழுகும் இடத்தைத் தேடுங்க, ப்ளோயரை மாற்றாதீங்க.

ஓட்ட மொசைக் தரை, வழுவழுப்பான சிமெண்டு வராண்டா நல்லது. சித்திரையில் வற்றிய குளத்தில் விடலாமா என்று எப்போதும் ஒருத்தன் கேட்பான். மண் வெடிப்பு வழியே காற்றெல்லாம் போய்விடும். தண்ணீர் நிற்கிற குளம் பக்கமே போகக் கூடாது, கரண்டு விஷயம். ஒயரைப் பெரியவர் ஒருத்தர் தூக்கிப் பிடித்துக் கூடவே நடக்கணும். பிரேக் கிடையாது, சுவரை நோக்கித் தள்ளிவிடாதீங்க.