கோழிக்கு முளைத்தீவனம் வளர்க்கிறப்ப எங்கெல்லாம் சொதப்புது

ஒரு கிலோ தானியத்தை ஊற வச்சு ட்ரேல முளைக்க விட்டா ஒரே வாரத்துல ஆறு கிலோ தீவனம்னு யாரோ சொன்னதைக் கேட்டு ஆரம்பிக்கிறவங்கதான் ஜாஸ்தி. எடை ஏறுறது பொய் இல்ல, ஆனா ஏறுனது அத்தனையும் தண்ணி. காய்ஞ்ச தானியத்துல நூத்துக்கு 88 பங்கு கிட்ட தண்ணி நீங்கலான சரக்கு இருக்கும், ஏழாம் நாள் ட்ரேல வேர் பின்னிப் பாய் மாதிரி நிக்கிற பச்சை முளைல அது 12லேருந்து 15 பங்குதான். கணக்குப் போட்டுப் பாத்தா மொத்த சரக்கு கொஞ்சம் குறைஞ்சுதான் போயிருக்கும், ஏன்னா விதை தனக்குள்ள இருக்கிற மாவை எரிச்சுதான முளை விடுது.

இது புரியாம, தீவனச் செலவை மிச்சம் பண்ணலாம்னு வழக்கமான தீவனத்தை நிறுத்திட்டு முளையை மட்டும் போடுறதுதான் முதல் தப்பு, பெரிய தப்பும் இதுதான். கோழி வயித்தை ரொப்பிக்கும், சத்து போதாது. முட்டை போடுற கோழிக்கு தீவனத்துல புரதம் 16 சதவீதம் கிட்டயும் கால்சியம் மூணரை நாலு சதவீதமும் வேணும், முளைல அந்த அளவு கால்சியத்துக்கு எங்க போறது, கொஞ்ச நாள்ல முட்டை குறையும், ஓடு மெலிசாகும். அப்ப எதுக்கு வளர்க்கணும்னு கேட்டா, பச்சைல வைட்டமின் இருக்கு, மஞ்சக்கரு நல்ல நிறமா வரும், மேய இடம் இல்லாத கோழிக்கு கொத்திக் கிளற ஒரு வேலையும் ஆச்சு. பக்கத்தீனியா நினைச்சா ஏமாற்றம் இல்ல.

அடுத்து, ஆடு மாட்டுக்குச் சொன்ன முறையை அப்படியே கோழிக்கும் செய்யுறாங்க. மாட்டுக்கு ஒரு ஜாண் உயரம் வளர்த்து பாயாச் சுருட்டிப் போடலாம், அது மென்னு அசை போட்டுக்கும். கோழிக்குப் பல்லா இருக்கு? நீளமான நார் கழுத்தடியில இருக்கிற இரைப்பைல சிக்கி பந்து மாதிரி அடைச்சுக்கும், கோழி எரையெடுக்காம உக்காந்துடும். அதனால நாலஞ்சு நாள்லயே, முளை ரெண்டு மூணு விரக்கடை அளவு இருக்கிறப்பவே குடுத்துடுங்க. வளர்ந்துபோச்சுன்னா பொடிசா நறுக்கிப் போடுங்க. அடைச்சே கிடக்குற கோழின்னா சின்னக் கல்லு, பருமணல் கொஞ்சம் தனியா வைக்கணும், அரைக்கிற வேலையே அந்தக் கல்லாலதான் நடக்குது.

விதை வாங்குறதுல ஒரு ஆபத்தான தப்பு இருக்கு. விதைக்கிறதுக்குன்னு விக்கிற விதைல பூஞ்சைக்கொல்லி மருந்து தடவி சிவப்பு, பச்சைன்னு சாயம் ஏத்தியிருப்பாங்க, அதைக் கழுவிட்டாப் போதும்னு நினைக்காதீங்க, தொடவே வேணாம். சாப்பிடுற பார்லி, கோதுமை, மக்காச்சோளம் போதும், ஆனா முழுசா இருக்கணும், உமி நீக்கி தீட்டுன பார்லி முளைக்காது. உடைஞ்சதும் பூச்சி குத்துனதும் முளைக்காம அழுகும், பூஞ்சை அங்கேருந்துதான் கிளம்பும், அதனால ஊற வைக்கிறப்ப மிதக்குறதை அள்ளி வெளில போட்டுடுங்க. வெள்ளைச்சோளத்தைப் பச்சை முளையா குடுக்காதீங்க, இளம் சோளப்பயிர்ல சயனைடு விஷம் உண்டாகும், மக்காச்சோளத்துல அந்தப் பிரச்சனை இல்ல. ராஜ்மா மாதிரி பெரிய பீன்ஸும் வேணாம், வேகாத ராஜ்மால விஷத்தன்மை இருக்கு.

ஊற வைக்கிறது எட்டுலேருந்து பன்னெண்டு மணி நேரம். நிறைய ஊறுனா நல்லா முளைக்கும்னு ரெண்டு நாள் தண்ணிக்குள்ளயே விட்டா விதை மூச்சுத் திணறி புளிச்சுப் போயிரும். அப்புறம் ட்ரேல ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு மேல பரப்பாதீங்க, கனமா இருந்தா நடுவுல சூடு ஏறி அடி அழுகிடும். அடில ஓட்டை இருக்கணும், ட்ரேயைக் கொஞ்சம் சாய்ச்சு வைக்கணும், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவ அலசி விட்டு சுத்தமா வடிய விடணும். தண்ணி ஊத்தறதை யாரும் மறக்கிறதில்ல, வடிய விடுறதைத்தான் விட்டுடுறாங்க, பாதி ட்ரே வீணாப் போறதுக்குக் காரணம் அதுதான். மண்ணு உரமெல்லாம் தேவையில்ல, அந்த ஒரு வாரத்துக்கு வேணுங்கிறது விதைக்குள்ளயே இருக்கு. நேர் வெயிலும் வேணாம், காத்தோட்டமான வெளிச்சம் போதும். வெயில் காலத்துல பூஞ்சை சீக்கிரம் வந்துரும், அப்ப இன்னொரு தடவ அலசுங்க, இல்லன்னா மூணாம் நாளே எடுத்துடுங்க.

பூஞ்சையைப் பாத்து பயப்படுறதுலயும் ஒரு குழப்பம் இருக்கு. ரெண்டாம் மூணாம் நாள் வேரைச் சுத்தி வெள்ளையா பஞ்சு மாதிரி தெரியும், நிறைய பேரு அதைப் பாத்துட்டு நல்ல ட்ரேயைக் கொட்டிடுறாங்க. அது வேர்த்தூவி, ஒவ்வொரு வேரையும் ஒட்டித்தான் இருக்கும், தண்ணி பட்டதும் படிஞ்சிரும். பூஞ்சைன்னா நூலாம்படை மாதிரி விதைக்கு விதை தாவிப் படரும், சாம்பல், கருப்பு, பச்சைன்னு நிறம் வரும், மக்குன வாடை அடிக்கும். அப்படி இருந்தா அந்த இடத்தை மட்டும் கிள்ளிட்டு மீதியைப் போடுறது கூடாது, முழு ட்ரேயும் கோழி எட்டாத குப்பைக்குழிக்குப் போகட்டும். பூஞ்சை விஷம் ஈரலைக் கெடுக்கும், அதோட தூசி மூச்சுல போனா நுரையீரல் நோயே வரும், குஞ்சுங்க தாங்காது. ட்ரேயைச் சும்மா தண்ணில கழுவி அடுத்த ஈடு போட்டா அதே பூஞ்சை திரும்ப வரும், தேய்ச்சுக் கழுவி, நீர்த்த பிளீச்சிங் தண்ணில கொஞ்ச நேரம் போட்டு, நல்லா அலசி, வெயில்ல காய விட்டு எடுக்கணும்.

ஆர்வத்துல ஒரே நாள்ல எல்லா ட்ரேயையும் போட்டா எல்லாம் ஒண்ணா வளர்ந்து நிக்கும், தீர்க்க முடியாது. தினம் ஒரு ட்ரே போட்டுட்டு வந்தா தினம் ஒண்ணு கைக்கு வரும். அரை மணி நேரத்துல கோழிங்க எவ்வளவு தின்னு முடிக்குதோ அவ்வளவுதான் போடணும், மிச்சத்தை எடுத்துடுங்க, ஈரத்தோட எச்சத்துலயும் மண்ணுலயும் மிதிபட்டதை சாயங்காலம் திரும்பக் கொத்தித் தின்னா கழிச்சல்தான்.