மான்டரே கெல்ப் காட்டைப் பார்க்க, முதலில் காற்றைப் பாருங்கள்

கலிஃபோர்னியாக் கரையில் உள்ள மான்டரேக்கு வரும் நண்பர்கள் வெயில் எப்படி இருக்கும் என்றுதான் கேட்பார்கள். அதை விடுங்கள், காற்று எப்படி என்று கேளுங்கள் என்பேன். இங்கே கரையோரம் வளரும் கெல்ப் என்ற ராட்சதப் பாசிக்குச் சாப்பாடு போடுவது காற்றுதான்.

கிளம்பும் முன் இணையத்தில் 46042 என்ற மிதவையின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். வளைகுடாவுக்கு வெளியே, மேற்கே திறந்த கடலில் நிற்கும் அமெரிக்க அரசின் மிதவை அது. காற்றின் திசை, நீரின் வெப்பம், இந்த இரண்டு போதும். மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை வடமேற்குக் காற்று நாள்கணக்கில் கரையை ஒட்டியே வீசும். பூமி சுழல்வதால் மேல்நீர் காற்றின் போக்கிலேயே போகாமல் வலப்பக்கம், அதாவது நடுக்கடல் பக்கம் விலகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும். வெப்பம் 50, 52 ஃபாரன்ஹீட்டுக்கு இறங்கியிருந்தால் பந்தி பரிமாறியாயிற்று என்று அர்த்தம்.

குளிர் வெறும் அடையாளம்தான். அதோடு வரும் நைட்ரேட் என்ற உரச்சத்துதான் விஷயம். வெளிச்சம் படும் மேல்நீரில் இருப்பதை, நீரில் மிதக்கும் நுண்பாசிகள் தின்று தீர்த்துவிடும். இருட்டில் கிடக்கும் நீரில் அது தங்கியிருக்கும். வெப்பம் 60ஐத் தொட்டால் இந்தக் கரையில் நைட்ரேட் ஏறக்குறைய இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். கெல்ப்பால் சில வாரங்களுக்கு மேல் அதைச் சேர்த்து வைக்க முடியாது. கிடைக்கும்போது மட்டும் நாளுக்கு ஒரு அடிக்கு மேலும் வளரும்.

கரைக்கு வந்ததும் பசிபிக் குரோவில் லவர்ஸ் பாயின்ட் பாறைகளில் ஏறி நின்று கெல்ப் இலையின் நிறத்தைப் பாருங்கள். கரும்பழுப்பு என்றால் தெம்பாக இருக்கிறது. வெளிறி, ஓரம் கிழிந்து தொங்கினால் பட்டினியாக இருக்கலாம்.

காற்று நின்ற பிறகு இன்னொரு தடவை வாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். காற்று வீசும்போது நண்டு, பாறையில் ஒட்டி வாழும் பர்னகிள், ராக்ஃபிஷ் என்ற மீன் ஆகியவற்றின் குஞ்சுகளில் பலவற்றை மேல்நீர் கடலுக்குள் இழுத்துப் போய்விடும். (எல்லாவற்றையும் அல்ல, ஆழத்துக்கு இறங்கித் தப்பிப்பவையும் உண்டு.) காற்று ஓய்ந்ததும் வெளியே இருந்த இளஞ்சூட்டு நீர் கரைக்குத் திரும்பும், குஞ்சுகளும் கூடவே வரும். கெல்ப் நிழலில் விரல் நீள ராக்ஃபிஷ் குஞ்சுகளைத் தேட இதுதான் நேரம். தண்ணீர் பச்சையாகக் கலங்கியிருக்கிறதே என்று முக்குளிப்பவர்கள் புலம்புவார்கள். அது அந்த மிதக்கும் நுண்பாசி. சிப்பிகளுக்கு அதுதான் சாப்பாடு.

மேலெழும் நீர் முழுக்க நல்லதுமில்லை. அதில் ஆக்ஸிஜன் குறைவு, அமிலத்தன்மை கூடுதல்.

குளிர்நீர் வந்துவிட்டால் காடும் திரும்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2014 முதல் 2016 வரை கடல் சூடேறிக் கிடந்தபோது வடக்கே சோனோமா, மென்டோசினோ கரைகளில் புல் கெல்ப் (bull kelp) என்ற வகை 90 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. அதற்குச் சற்று முன், 2013இல் பரவத் தொடங்கிய நோயில் சூரியகாந்தி நட்சத்திர மீன்கள் செத்தன. அவை தின்றுவந்த ஊதாக் கடல் முள்ளெலிகள் (sea urchin, முள் போர்த்த உருண்டை உயிரிகள்) பெருகி மிச்சத்தையும் மேய்ந்தன. கெல்ப்பைத் தின்னும் அபலோன் என்ற கடல் நத்தை பட்டினி கிடந்ததால் 2018இல் அதன் பொழுதுபோக்குப் பிடிப்பையே மூட வேண்டிவந்தது. முள்ளெலி வெறும் பாறையில் பல வருஷம் பட்டினியிலேயே உயிரோடு இருக்கும். மான்டரேயில் காடு திட்டுத்திட்டாகவாவது தப்பியதில் நீர்நாய்களுக்குப் பங்குண்டு. ஆனால் அவையும் கெல்ப் உள்ள இடத்தில் கொழுத்த முள்ளெலிகளைத்தான் தின்கின்றன. வெற்றுப் பாறையில் உள்ள சதையற்றவற்றைச் சீந்துவதில்லை. இருக்கும் காட்டை அவை காக்கும். போன காட்டை மீட்டுத் தராது.

எப்போது வரலாம்? வளர்ச்சியைப் பார்க்க ஏப்ரல், மே. கனமான ஜாக்கெட் அவசியம். நீர்மேல் படரும் அடர்ந்த கெல்ப் கூரையைப் பார்க்க செப்டம்பர். குளிர்காலப் புயலுக்குப் பிறகு என்றால் கடற்கரையில் ஒதுங்கிய கெல்ப் வேர்க்கொத்துகளைக் குனிந்து பாருங்கள். குட்டி நண்டுகள் ஒளிந்திருக்கும். மான்டரேக்குத் தெற்கே உள்ள பாயின்ட் லோபோஸ் பாதுகாக்கப்பட்ட பகுதி; அங்கே எதையும் எடுக்கக் கூடாது.