சென்னையில் முதல் பவளத் தொட்டி: எதை முதலில் வாங்குவது?

வீட்டில் பவளமும் கடல் மீனும் வளர்க்கக் கடல் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் லைட்டில்தான் ஆரம்பிப்பார்கள். அப்புறம் குளிர்நாட்டுக்காரர் ஒருவரின் வீடியோவைப் பார்த்து ஹீட்டரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்வார்கள். சென்னையில் ஹீட்டருக்கு வேலையே இல்லை. மே மாதம் ராத்திரி பதினோரு மணிக்கும் அறைக்குள் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும் ஊர் இது, பவளத்துக்கு வேண்டியதோ 25, 26 டிகிரி. அதனால் பட்ஜெட்டில் முதல் வரி சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின், லைட் கடைசி வரி. சில்லருக்குக் காசு வரவில்லையா, கொஞ்ச நாள் நன்னீர் மீன் வளருங்கள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

தொட்டி அளவை முடிவு செய்யாமல் சில்லர் வாங்க முடியாது. மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம், சுமார் 180 லிட்டர். சின்னத் தொட்டி சுலபம் என்று கடையில் சொல்வார்கள், நம்பாதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் உப்பும் சூடும் மளமளவென்று ஏறி இறங்கும், கவனிப்பதற்குள் ஏதாவது செத்திருக்கும். கண்ணாடி, பாறை, கீழே சம்ப் (சாதனங்கள் வைக்கும் இரண்டாவது தொட்டி) எல்லாம் சேர்ந்தால் எடை 300 கிலோவை ஒட்டி வரும், எனவே ஸ்டாண்ட் இரும்பாக இருக்கட்டும், மாடி வீடு என்றால் சுவரை ஒட்டி வையுங்கள்.

சில்லர் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, அறை ஓரளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று வைத்துப் போட்டதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நம் ஊருக்கு ஒரு அளவு பெரியதாக எடுங்கள். அதை ஸ்டாண்டுக்குள் மட்டும் அடைக்காதீர்கள், அது கக்கும் சூட்டை அதுவே திரும்ப இழுத்துக்கொண்டு நாள் முழுக்க ஓடும், கரண்ட் பில்லில் தெரியும். ஃபேன் வைத்தால் போதாதா என்றால், தண்ணீர் ஆவியாவதால்தான் அது குளிர்விக்கிறது, கடலோரப் புழுக்கத்தில் அந்த ஆவியாதலே மந்தம். இரண்டு டிகிரி இறங்கினால் அதிர்ஷ்டம்.

அடுத்தது தண்ணீர். சமையலறை ஆர்ஓ இதற்கு உதவாது. அவற்றில் பலவற்றில், குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று கொஞ்சம் சாதாரணத் தண்ணீரையே திரும்பக் கலக்கும் ஒரு திருகு இருக்கும், சிலவற்றில் தாது உப்பு சேர்க்கும் கார்ட்ரிட்ஜும் உண்டு. கேன் தண்ணீரும் அதே கதைதான். மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டிஐ பிசின் குழாய் சேர்ந்த தனி ஆர்ஓ வேண்டும், வெளியே வரும் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டர் (கரைந்த உப்பை அளப்பது) 0 காட்ட வேண்டும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஏரியாவில் பிசின் சீக்கிரம் தீர்ந்துபோகும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். பெசன்ட் நகரில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் பிடித்து வரலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். அடையாறு கடலில் கலக்கும் இடம் எவ்வளவு பக்கம், அந்த ஆற்றில் என்ன ஓடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

உப்பு, பவளத் தொட்டிக்கென்று விற்கும் கலவையாக இருக்கட்டும். 180 லிட்டருக்கு முதல் தடவை கிட்டத்தட்ட ஏழு கிலோ பிடிக்கும். உப்பின் அளவைப் பார்க்க, முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை விட்டுவிட்டு, ஒரு சொட்டில் ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், கூடவே அதைச் சரிபார்க்க 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) அளவுத் திரவமும். வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்துச் சரிபார்த்தால் 35 வரும் இடத்தில் தப்பு இருந்தாலும் தெரியாது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும், அதனால் தினமும் குறைகிற அளவுக்கு ஆர்ஓ தண்ணீரைத் தானாக ஊற்றும் ஏடிஓ கருவி ஒன்று மாட்டினால் நிம்மதி. சில்லருக்கு அடுத்தபடி உருப்படியான செலவு என்று நான் சொல்வது இதைத்தான்.

சம்ப் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கரண்ட் போனதும், சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நிற்கும், மேலே இருக்கும் தண்ணீர் அந்தப் பம்பின் குழாய் வழியாகவே பின்னோக்கி சம்புக்கு இறங்கும், குழாய் வாய் காற்றைத் தொடும்வரை நிற்காது. மூன்றடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் 4 லிட்டர். குழாய் வாய் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர் கீழே வரும், சம்பில் அவ்வளவு காலி இடம் இல்லையென்றால் மிச்சம் ஹாலில்தான். உப்பு போடுவதற்கு முன்பே வெறும் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், எந்த மட்டத்தில் நிற்கிறதோ அங்கே மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். சில்லரை இன்வெர்ட்டரில் போட முடியாது, ஆனால் தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் டிசி வேவ்மேக்கர் ஒன்றை தாராளமாகப் போடலாம். நீர் அசைந்துகொண்டிருந்தால்தான் மீனுக்கு ஆக்ஸிஜன். ஒயரில் வழியும் தண்ணீர் சாக்கெட்டுக்குள் போகாதபடி ஒயர் எல்லாம் சாக்கெட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி ஏறட்டும், ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் எதையும் ஆன் பண்ண வேண்டாம், உப்புத் தண்ணீர்க் கையோடுதான் எல்லாவற்றையும் தொடுவீர்கள்.

ஸ்கிம்மர், அதாவது நுரை கிளப்பித் தண்ணீரிலுள்ள அழுக்கைப் பிரிக்கும் கருவி, வாங்கும்போது தொட்டியைவிட ஒன்றரை மடங்குக்குப் போட்டதாக எடுங்கள். கப்பில் டிகாஷன் நிறத்தில் நாறும் தண்ணீர் சேர்ந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம். வேவ்மேக்கர் ஒன்றுக்கு இரண்டு, எதிரெதிர் பக்கம், மொத்தத்தில் மணிக்குத் தொட்டி அளவின் 20 மடங்காவது தள்ள வேண்டும். லைட், முதல் மாதங்களில் அவசரமே இல்லை, தொட்டி பக்குவமாகும்வரை அதிக வெளிச்சம் பாசியைத்தான் வளர்க்கும். மென் பவளத்துக்கு நடுத்தர எல்ஈடி போதும், நீலம் தூக்கலாக, மங்கலாக்கும் வசதியோடு.

பாறை விஷயத்தில் ஒன்று. கல் போலக் கெட்டியாக வளரும் பவளங்கள், கடல் விசிறி எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலி இருக்கும் அதே பட்டியல். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்திலிருந்து வந்தது என்று யாராவது துண்டு காட்டினால், செத்த பவளக் கல்லே ஆனாலும், கை வைக்காதீர்கள். செயற்கையாகச் செய்த உலர் பாறை கிடைக்கிறது, கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா அதிலேயே குடியேறும், சில வாரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவுதான். உயிருள்ள எதை வாங்கினாலும் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் கேளுங்கள். மீனில், பண்ணையில் பொரித்த கிளவுன் மீனாகப் பாருங்கள், மண்டபத்தில் உள்ள சிஎம்எஃப்ஆர்ஐ (மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம்) மையமே குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது.

பழைய சாமான் வாங்கலாமா? சில்லர், ஸ்கிம்மர் என்றால் கண் முன்னே அரை மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம். தொட்டியும் பாறையும் என்றால், மீனுக்குக் காப்பர் மருந்து எப்போதாவது போட்டார்களா என்று கேளுங்கள். கல்லிலும் சிலிக்கானிலும் அது தங்கி மெல்லக் கசியும், இறாலும் பவளமும் தாங்காது. தயங்கித் தயங்கிப் பதில் வந்தால் தொட்டியை விட்டுவிட்டு ஸ்டாண்டை மட்டும் விலை பேசுங்கள்.