மடித்த நெளி அட்டையில் இன்சர்ட்டும் மூடியும்: அலை எந்தப் பக்கம் ஓட வேண்டும்?

கைப்பிடி வைத்த பீங்கான் ஜாடி ஒன்றை அனுப்பினேன். பெட்டிக்குள் நெளி அட்டையை மடித்து இன்சர்ட்டும் (பொருள் அசையாமல் பிடிக்கும் உள்தாங்கி) வைத்திருந்தேன். போய்ச் சேர்ந்தபோது கைப்பிடி தனியாகக் கிடந்திருக்கிறது. திரும்பி வந்த பெட்டியைத் திறந்ததுமே காரணம் தெரிந்துவிட்டது. இன்சர்ட்டின் இரண்டு கால்களும் மடங்கிப் படுத்திருந்தன. அட்டை நல்ல அட்டைதான், நான் வெட்டிய திசைதான் தப்பு. அதைச் சரிசெய்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: எந்த அட்டை?

கடையில் மூன்று பிளை, ஐந்து பிளை என்று கேட்டு வாங்குவோம் (பிளை என்றால் தாள் அடுக்கு). அதோடு நெளியின், அதாவது உள்ளே அலையாக ஓடும் தாளின், வகையையும் கேளுங்கள். ஈ நெளி சுமார் 1.5 மி.மீ., பி நெளி சுமார் 3 மி.மீ., சி நெளி சுமார் 4 மி.மீ. தடிமன் இருக்கும். சின்னப் பொருளைச் சுற்றி மூட ஈ போதும். இன்சர்ட்டுக்கு என் தேர்வு எப்போதும் பி. அதில் அலைகள் நெருக்கமாக இருப்பதால், பொருள் உட்காரும் இடம் சி அளவுக்குச் சீக்கிரம் நசுங்காது. கனமான இரும்புச் சாமான் என்றால் ஐந்து பிளைக்குப் போய்விடுங்கள்.

பழைய பெட்டியை வெட்டி இன்சர்ட் செய்யாதீர்கள். ஒருமுறை நசுங்கிய நெளி திரும்ப எழும்பாது. ஈரம் பட்ட அட்டையும் வேண்டாம், காய்ந்த பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் சரி.

படி 2: அலையின் திசை

நான் சறுக்கிய இடம் இதுதான்.

உள்ளங்கை அளவு அட்டையை வெட்டி அதன் ஓரத்தைப் பாருங்கள். ஒரு ஓரத்தில் வரிசையாக ஓட்டைகள் தெரியும். ஓட்டைகள் மேலே பார்க்கிற மாதிரி நிறுத்தி உள்ளங்கையால் அழுத்துங்கள், தூண் மாதிரி நிற்கும். ஓட்டைகள் பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி திருப்பி அழுத்துங்கள், சட்டென்று வளைந்துவிடும். இதைக் கையால் உணர்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் செய்யும் இன்சர்ட் சின்ன ஸ்டூல் மாதிரி இருக்கும். நடுவில் ஒரு தளம், இரண்டு முனையிலும் கீழே மடித்த கால்கள். ஜாடியின் அடி தளத்தின் துளையில் இறங்கும். இதே மாதிரி இன்னொன்று மேலே தலைகீழாக வரும். ஜாடி பெட்டியின் எந்தச் சுவரையும் தொடாமல் நடுவில் நிற்கும்.

இதில் அலை ஒரு காலில் தொடங்கி, தளத்தைக் கடந்து, அடுத்த காலுக்கு ஓட வேண்டும். அப்போதுதான் காலில் அலை செங்குத்தாக நிற்கும், தளமும் தொய்யாது. மடிப்புக்கோடு அலைக்குக் குறுக்கே வரும். அலையோடு மடித்தால் கைக்குச் சுலபம் என்று அப்படியே மடித்தேன், காலில் அலை படுத்துவிட்டது. கைக்குச் சுலபமான மடிப்பை நம்பாதீர்கள். அது கோட்டை விட்டு விலகிப் பக்கத்து அலையின் பள்ளத்துக்கும் ஓடிவிடும்.

படி 3: மடிப்புக்குத் தடிமன் ஒதுக்குங்கள்

பெட்டியின் உள்ளளவு 200 மி.மீ. என்றால் தளத்தையும் 200 என்று கோடு போடக் கூடாது. 3 மி.மீ. அட்டையில் இரண்டு மடிப்புக்கோடுகளுக்கு நடுவே 200 வைத்தால், மடித்த பிறகு வெளியளவு 203 ஆகிவிடும். பெட்டிக்குள் திணிக்க வேண்டியிருக்கும், கால் கோணும். 197 வையுங்கள். நுழைவது இறுக்கமாகத் தெரிந்தால் இன்னும் ஒரு மி.மீ. குறைக்கலாம்.

அட்டையை முழுக்க மடித்துத் தன்மேலேயே படுக்க வைக்க ஒரு கோடு போதாது. ஒரு தடிமன் இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள்.

படி 4: கோட்டை அழுத்துவது

மை தீர்ந்த பால் பாயிண்ட் பேனாவும் ஸ்டீல் ஸ்கேலும் போதும். மடிப்பின் உள்பக்கம் வரப்போகிற முகத்தில் இரண்டு மூன்று தடவை அழுத்தி இழுத்துப் பள்ளம் விடுங்கள். கட்டரால் மேல்தாளைக் கீறி மடிப்பது எனக்குப் பிடிக்காது. அழகாக மடியும்தான், ஆனால் பாரம் வரும்போது முதலில் பிய்வது அந்த இடம்தான். பிளாஸ்டிக் ஸ்கேலும் வேண்டாம், அட்டையை வெட்டும்போது கட்டர் அதையே சீவிவிடும்.

படி 5: மூடி

மேலிருந்து இறங்கும் மூடியின் உள்ளளவு, அடிப்பெட்டியின் வெளியளவைவிட 3 மி.மீ. கூட இருக்கட்டும். மூடியை அடிவரை இறக்கினால் நான்கு சுவரும் இரட்டைச் சுவராகிவிடும். அடுக்கி வைக்கிற பொருளுக்கு நான் இதைத்தான் செய்வேன்.

படி 6: போட்டுப் பாருங்கள்

உடைந்தாலும் பரவாயில்லை என்கிற, அதே எடையுள்ள பொருளை உள்ளே வையுங்கள். முதலில் குலுக்குங்கள், சத்தம் வரக் கூடாது. பிறகு பார்சல் பெட்டிகளுக்கான ஐ.எஸ்.டி.ஏ. 1ஏ என்ற சர்வதேசச் சோதனையில் செய்வது போல, ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், ஆறு முகங்கள் என்று பத்து தடவை கீழே போடுங்கள். சுமார் 9 கிலோவரை உள்ள பெட்டிக்கு 76 செ.மீ. உயரம். முடிந்ததும் பொருளை மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடாதீர்கள், இன்சர்ட்டின் கால்களையும் பாருங்கள். கால் நடுவில் சுருக்கம் விழுந்திருந்தால் அடுத்த தடவை இரட்டை மடிப்புக் கால், அதாவது தன்மேலேயே மடித்து இரண்டு அடுக்காக்கிய கால், வையுங்கள்.

பின்னர் சேர்த்தது: துளையின் ஓரம் ஜாடியின் மெருகில் கோடு போட்டுவிட்டது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். உண்மைதான், வெட்டிய அட்டை ஓரம் உரசும். துளையை வட்டமாக வெட்டி எடுக்காதீர்கள். நடுப்புள்ளியிலிருந்து நட்சத்திரம் மாதிரி எட்டு வெட்டு போட்டு, அந்த இதழ்களைக் கீழே மடியுங்கள். ஜாடியைத் தொடுவது இதழின் வழவழப்பான முகமாக இருக்கும், வெட்டிய ஓரம் படாது. இதழ்கள் அடியைச் சுற்றிக் கழுத்துப்பட்டை மாதிரி பிடித்தும் கொள்ளும். நானும் இப்போது இப்படித்தான் வெட்டுகிறேன்.