ஆலைக் கணக்குக்குப் பைதான்: பிப் அமைக்கும் முறை

மன்னார்குடிப் பக்கம் ஒரு அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். சம்பா அறுவடை வந்துவிட்டால் மூட்டை, எடை, ஈரப்பதம் என்று எக்செல் கோப்புகள் குவியும். அவற்றை ஒன்றாகச் சேர்த்துக் கூட்ட, பைதான் என்ற நிரல்மொழியும், எக்செல் கோப்புகளைக் கையாளும் ஓப்பன்பைஎக்செல் தொகுப்பும் போதும். அந்தத் தொகுப்பை இறக்கித் தருவது பிப். கட்டளைகளை அக்கா மகனுக்குப் போனில் சொல்கிற மாதிரியே சொல்கிறேன். ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். மைனஸுக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவே இடைவெளி கூடாது.

பிப்பைத் தனியாகத் தேடி அலைய வேண்டாம். 2014இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து பைதானோடு சேர்ந்தே வருகிறது. விண்டோஸில் நிறுவும்போது முதல் திரையின் அடியில், பைதானை 'பாத்'தில் (கட்டளைகளைக் கணினி தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கச் சொல்லி ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்துவிட்டு மேலே போங்கள். "மாமா, பைதான்னு அடிச்சா மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் தெறக்குது" என்று போன் வந்தால், பெரும்பாலும் அந்தக் கட்டத்தை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் பிப் இருக்கிறதா என்று பார்க்க, கட்டளை அடிக்கும் திரையான கமாண்ட் பிராம்ப்டில்: பைதான் மைனஸ் எம் பிப் மைனஸ் மைனஸ் வெர்ஷன். வெறும் பிப் என்று அடித்தாலும் ஓடும்தான். ஆனால் கணினியில் இரண்டு பைதான் இருந்தால், சரக்கு எந்தக் குடோனில் இறங்கியது என்றே தெரியாது. 'பைதான் மைனஸ் எம்' என்று தொடங்கினால், நீங்கள் கூப்பிட்ட பைதானுக்குள்தான் இறங்கும். பிப் இல்லை என்று சொன்னால்: பைதான் மைனஸ் எம் என்ஷூர்பிப். வந்துவிடும்.

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் கதை வேறு. அங்கே கட்டளை அடிக்கும் திரைக்கு டெர்மினல் என்று பெயர். சூடோ ஏப்ட் இன்ஸ்டால் போட்டு பைதான்3 மைனஸ் பிப், பைதான்3 மைனஸ் வென்வ் இரண்டையும் ஏற்றுங்கள். இந்தப் பெயர்களில் மைனஸுக்கு முன்னாலும் இடைவெளி கூடாது. உபுண்டு 24.04 பதிப்பில் நேரடியாகத் தொகுப்பை நிறுவப் போனால், இந்தப் பைதானை இயங்குதளமே நிர்வகிக்கிறது என்று பிப் மறுத்துவிடும். அதை மீறவும் ஒரு வழியைப் பிழைச்செய்தியே காட்டும். அந்தப் பக்கம் போகாதீர்கள். உபுண்டுவின் சொந்த வேலைகளும் அதே பைதானில்தான் ஓடுகின்றன.

எந்தக் கணினியானாலும் இந்த வேலைக்கு மட்டும் 'வென்வ்' என்ற தனிப் பைதான் சூழல், அதாவது தனி அறை, போட்டுக்கொள்வதே நல்லது: பைதான் மைனஸ் எம் வென்வ் கணக்கு. உபுண்டுவில் பைதான் என்னும் இடத்தில் பைதான்3. 'கணக்கு' என்று ஒரு கோப்புறை உருவாகும். அந்த அறைக்குள் நுழைய, விண்டோஸில் கணக்கு பேக்ஸ்லாஷ் ஸ்கிரிப்ட்ஸ் பேக்ஸ்லாஷ் ஆக்டிவேட். உபுண்டுவில் சோர்ஸ், இடைவெளி, கணக்கு ஸ்லாஷ் பின் ஸ்லாஷ் ஆக்டிவேட். விண்டோஸின் இன்னொரு கட்டளைத் திரையான பவர்ஷெல் முரண்டு பிடித்தால் கமாண்ட் பிராம்ப்டுக்கே திரும்புங்கள். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'கணக்கு' என்று தெரிந்தால் சரி. இனி: பைதான் மைனஸ் எம் பிப் இன்ஸ்டால் ஓப்பன்பைஎக்செல். 'ஓப்பன்'னுக்குப் பிறகு பி, ஒய், எக்ஸ், எல்.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே கரண்டும் நெட்டும் சேர்ந்தே போகும். அதனால் நெட் இருக்கும்போதே 'பிப் இன்ஸ்டால்' என்பதைப் 'பிப் டவுன்லோட்' என்று மாற்றி, கடைசியில் மைனஸ் டி பொதி என்று சேர்த்து அடித்து வைத்துக்கொள்வேன். 'பொதி' கோப்புறையில் இரண்டே கோப்பு விழும்: ஓப்பன்பைஎக்செல் ஒன்று, அதற்குத் தேவையான இன்னொரு சின்னத் தொகுப்பு ஒன்று. பென்டிரைவில் போட்டு அடுத்த கணினிக்குக் கொண்டுபோய், இன்ஸ்டால் கட்டளையோடு மைனஸ் மைனஸ் நோ மைனஸ் இண்டெக்ஸ், பிறகு மைனஸ் மைனஸ் ஃபைண்ட் மைனஸ் லிங்க்ஸ், இடைவெளி, பொதி என்று சேர்த்தால் நெட் இல்லாமலே ஏறிவிடும். 'நோ'வுக்கும் 'ஃபைண்ட்'டுக்கும் அடுத்த மைனஸுக்கு முன்னாலும் இடைவெளி கூடாது. நம்பை, பாண்டாஸ் போன்ற பெரிய தொகுப்புகளுக்கு மட்டும், இறக்கும் கணினியும் ஏற்றும் கணினியும் ஒரே இயங்குதளமாக, ஒரே பைதான் பதிப்பாக இருக்கட்டும்.