கேமராப் படங்களைக் கொண்டு வண்டியின் நகர்வைக் கணக்கிடுவது எப்படி?

சக்கரச் சுழற்சியை எண்ணி ரோபோ சென்ற தூரத்தைச் சொல்லிவிடலாம். மணலில் சக்கரம் வழுக்கினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். 2004இல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் சக்கரம் வழுக்கும் சரிவுகளில் கேமராப் படங்களை ஒப்பிட்டே தம் நகர்வை அறிந்துகொண்டன. விஷுவல் ஓடோமெட்ரி எனப்படும் அம்முறையை ஓப்பன்சிவி நிரல் நூலகத்தைக் கொண்டு நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் கேமராவை அளவுத்திருத்தம் செய்யுங்கள், அதாவது அதன் குவியத்தூரத்தையும் லென்ஸ் படத்தை வளைக்கும் விதத்தையும் கண்டறியுங்கள். சதுரங்கக் கட்டத்தை அச்சிட்டு, வளையாத பலகையில் ஒட்டி, பல கோணங்களில் இருபது படங்களாவது எடுக்க வேண்டும். படத்தின் ஓரங்களிலும் கட்டம் விழுந்தால்தான் லென்ஸின் வளைவு சரியாகப் பிடிபடும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள், ஏனெனில் குவியத்தூரம் மாறினால் செய்த திருத்தம் செல்லாது.

அடுத்து, ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குத் தொடர்வதற்கு உரிய புள்ளிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வெறும் சுவரின் நடுவிலுள்ள புள்ளியை அடுத்த படத்தில் தேடினால் சுற்றிலும் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். கதவின் விளிம்பிலுள்ள புள்ளி அவ்விளிம்பின் போக்கிலேயே நழுவும். இரு விளிம்புகள் கூடும் மூலைதான் ஐயமின்றி அடையாளம் தரும். படத்தைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சில புள்ளிகள் எடுங்கள்; இல்லாவிட்டால் எல்லாப் புள்ளிகளும் ஒரே மரத்தின் இலைகளில் போய் அடைந்துவிடும்.

ஒரு படத்தின் புள்ளியையும் அடுத்த படத்தில் அதற்கு நிகரான புள்ளியையும் சேர்த்து ஓர் இணை என்போம். என் அனுபவத்தில் வேலையின் பெரும்பகுதி, தவறான இணைகளைக் களைவதில்தான் இருக்கிறது. எதிரே கடந்து செல்லும் வாகனத்தின் மேலுள்ள புள்ளிகள் நம் நகர்வைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. 1981இல் வெளிவந்த ரேன்சாக் முறை சில இணைகளைக் குலுக்கல் முறையில் எடுத்து, அவை சொல்லும் நகர்வோடு எத்தனை புள்ளிகள் ஒத்துப்போகின்றன என்று எண்ணுகிறது. இணைகளில் பாதி தவறு என்று கொண்டால், ஒரு குலுக்கலிலாவது எல்லா இணைகளும் சரியாக அமையும் என்ற 99 சதவீத உறுதிக்கு, ஒரு தடவைக்கு எட்டு இணைகளை எடுக்கும் எட்டுப்புள்ளி முறையில் ஏறக்குறைய 1,177 குலுக்கல்கள் வேண்டும். ஐந்து இணைகளே எடுக்கும் ஐந்துபுள்ளி முறையில் 146 போதும்.

எஞ்சிய இணைகளிலிருந்து, இரு படங்களின் கேமரா நிலைகளைத் தொடர்புபடுத்தும் எண் அணியான எசென்ஷியல் மேட்ரிக்ஸைக் கணக்கிட்டால் சுழற்சியும் நகர்ந்த திசையும் கிடைக்கும். ஒற்றைக் கேமராவால் தூரத்தை மட்டும் சொல்ல முடியாது: பொம்மை வீட்டைச் சற்றே நகர்ந்து எடுத்த படங்களும், நிஜ வீட்டை நெடுந்தூரம் நகர்ந்து எடுத்த படங்களும் ஒன்றுபோலவே இருக்கும். அளவு வேண்டுமானால் இரட்டைக் கேமரா பொருத்துங்கள். குவியத்தூரம் 700 பிக்சல், கேமராக்களின் இடைவெளி 12 செ.மீ. எனில், இரு கேமராப் படங்களுக்கிடையே 21 பிக்சல் விலகும் புள்ளி 4 மீட்டர் தொலைவில் இருக்கும். அங்கே ஒரு பிக்சல் குறைத்து அளந்தால் பிழை 20 செ.மீ. மட்டுமே, 42 மீட்டர் தொலைவிலோ அதே பிழை தொலைவை 84 மீட்டராக்கிவிடும். ஆகவே தொலைதூரப் புள்ளிகளைச் சுழற்சிக்கு மட்டும் நம்புங்கள்.

ஒவ்வொரு நகர்வையும் முந்தையதோடு சேர்க்கும்போது பிழையும் சேர்ந்துகொண்டே போகும். திசையில் ஒரு பாகை பிசகினால் 100 மீட்டர் ஓட்டத்தில் வண்டி 1.75 மீட்டர் பக்கவாட்டில் விலகியதாகக் காட்டும். தொடங்கிய இடத்துக்கே வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து இந்த விலகலை அளக்கலாம். ஆனால் பாதை முழுவதும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருந்தாலும் சுற்று சரியாகவே மூடிக்கொள்ளும் என்பதால், அளவுநாடா பிடித்து ஒரு நேர்கோட்டு ஓட்டத்தையும் தனியே சோதித்துவிடுங்கள்.