தென்னந்தோப்பு அகழாய்வில் மண் பார்க்கும் முறை

கீழடியில் பல அகழாய்வுக் குழிகள் தென்னந்தோப்புக்குள்தான் வெட்டப்பட்டன. பொட்டல் வெயிலில் வேலை செய்து பழகியவர்களுக்குத் தோப்பு ஒரு வரமாகத் தோன்றும். ஆனால் அந்த நிழல் உடம்புக்கு இதமானதே தவிர, கண்ணுக்கு உகந்ததன்று.

குழிக்குக் கயிறு கட்டுமுன் சுற்றியுள்ள மரங்களில் நெற்றுகளையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கிவிட வேண்டும். அடிமரத்திலிருந்து 2 மீட்டராவது தள்ளியே குழி அமையட்டும், பெரும்பாலான வேர்கள் அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். காலையில் தார்ப்பாயைக் கம்பால் விலக்கி, பாம்போ தேளோ இல்லை என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

எதிர்ப்படும் வேரை ஒருபோதும் இழுக்காதீர்கள். இழுத்தால் குழிச்சுவரின் மண்ணும், அதில் பதிந்திருக்கும் பானை ஓடும் சேர்ந்தே பெயர்ந்து வரும். செடி வெட்டும் கத்தரியால் சுவரோடு ஒட்ட நறுக்குவதே சரி. மக்கிப்போன வேர் விட்டுச்சென்ற கருமையான வட்டத்தைக் கம்பம் நட்ட குழி என்று எண்ணிப் புதியவர்கள் மகிழ்ந்துபோவதுண்டு. அவ்வட்டத்தைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை மட்டும் கொத்துக்கரண்டியால் கீழ்நோக்கி எடுத்துப் பாருங்கள்: வேர்த்தடம் வளைந்து குறுகிக்கொண்டே போகும், கம்பக்குழியோ பெரும்பாலும் நேராக இறங்கி ஓர் அடித்தளத்தில் முடியும்.

ஓலை இடுக்கில் விழும் வெயில் புள்ளிகளுக்கு நடுவே மண்ணடுக்குகளின் நிற வேறுபாடு தெரியாது. ஆகவே சுவரில் லேசாக நீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு கட்டி மண்ணை எடுத்துத் தோப்புக்கு வெளியே திறந்த வெளிச்சத்தில் மண்ணின் நிறங்களை வரிசைப்படுத்திக் காட்டும் மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிட வேண்டும். படம் எடுக்கும்போது குழி முழுவதற்கும் துணியால் நிழல் கொடுத்துவிடுங்கள். அரைகுறை நிழலைவிட முழு நிழல் மேல்.

கரித்துண்டைக் கையால் தொடாமல் கரண்டி நுனியால் எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, ஆழத்தை எழுத வேண்டும். கீழடியில் கி.மு. 580 என்று காலம் கணிக்கப்பட்ட கரிமாதிரி 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்தது, அந்த ஆழ அளவு இல்லையென்றால் அது வெறும் கரித்துண்டுதான். சல்லிவேர் பின்னியிருக்கும் கரியைத் தனியே குறித்து வையுங்கள், வேரின் புதிய கரிமம் கலந்தால் காலக்கணிப்பு பிழையாகிவிடும்.

குழிச்சுவர் வரைபடத்தில் வேர்களையும் எலிவளைகளையும் விடாமல் வரைய வேண்டும். மேலடுக்கைச் சேர்ந்த ஒரு பாசிமணி கீழடுக்கில் கிடைத்ததாகப் பதிவேடு பின்னொரு நாள் காட்டும்போது, அது இறங்கிய வழியை அந்தக் கோடுகளில்தான் தேட வேண்டியிருக்கும்.